கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு வாங்குவோம்



அரையாண்டு விடுமுறைக்கு முன் மாணவர்களுக்குப் புத்தகப் பரிசு தர நினைக்கிறோம். 'கறுப்பி', 'குண்டு', 'ஒல்லிக்குச்சி' என்ற பட்டப்பெயரைச் சுமக்கும் குழந்தையின் கைக்கும் அது போய்ச் சேரும். ஆகவே, வாங்கும்முன் கதையின் முடிவைப் படித்துவிடுங்கள்.

ஆண்டர்சன் 1843-இல் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதை நாம் அறிந்ததே. கேலிக்கு ஆளான குஞ்சு, அன்னமாக வளர்ந்த பிறகே மதிப்புப் பெறுகிறது. அன்னமாகாத குஞ்சுக்கு அதில் என்ன ஆறுதல்?

கென்யாவில் வளர்ந்த நடிகை லுபிட்டா நியாங்கோ எழுதிய 'சுல்வே' 2019-இல் வந்தது. குடும்பத்திலேயே மிகக் கறுத்த சிறுமி, தன் நிறத்தை ரப்பரால் அழித்துப் பார்க்கிறாள். கதை முடியும்போதும் அவள் நிறம் அதேதான்; அந்த நிறத்தோடு அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்.

உடலை மாற்றி முடிகிற கதையா, பார்வையை மாற்றி முடிகிற கதையா? தேர்வுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

இன்னொன்று. இத்தகைய புத்தகத்தைக் கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். அதுவே இன்னொரு பட்டப்பெயராகிவிடும். வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். கேலி செய்யும் பிள்ளையும் படிக்கட்டும்.