திரையில் தெரியும் எண்ணை அழைக்காதீர்கள்

கொரட்டூரில் ஓய்வுபெற்ற ஒருவர் கணினியில் மின்கட்டணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, காதைப் பிளக்கும் சத்தம்: "வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்." அழைத்தால், மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒருவர் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்வார். நிறுவியதும் கணினி அவர் கைக்குப் போய்விடும்.

இது உலகளாவிய மோசடி. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் சி.பி.ஐ. நம் நாட்டில் இயங்கிய போலிக் கால் சென்டர்களில் சோதனை நடத்தியது. அவற்றால் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டினர்.

அடையாளம் எளிது. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. பயப்படாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக்குச் சொல்லிக் கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்; பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதியலாம். பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்தச் செயலியை நீக்கி, கணினியை நம்பகமானவரிடம் காட்டுங்கள்.

நாமே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் ஒரு சுற்றறிக்கையில் விதி வகுத்தது. அதனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டில் மூத்தவர்கள் ஏமாந்திருந்தால் திட்டாதீர்கள். கூடவே உட்கார்ந்து 1930-ஐ அழைத்துக் கொடுங்கள்.