தில்லை மரமும் தொண்டூழியரும்

தொண்டூழியம் என்றதும் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் எத்தனை மணி நேரம் கணக்கில் சேரும் என்று கேட்கின்றனர். அது அவர்தம் குற்றமன்று, நாம் பழக்கியது.

சுங்கை பூலோ சதுப்புநிலம் 1993இல் பூங்காவாகத் திறக்கப்பெற்று, 2002இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடபுலத்துக் கரைப்பறவைகள் அங்கு இரைதேடி இறங்கும். குப்பை அகற்றவும், வருவோர்க்கு வழிகாட்டவும் இளையோர் கைகள் வேண்டும்.

அங்கு ஒரு மரம் நிற்கிறது. கிளையை ஒடித்தால் வெண்பால் வடியும். கண்ணில் பட்டால் சிலகாலம் பார்வையை மறைக்கும். மலாய்மொழியில் அதன் பெயர் 'பூத்தா பூத்தா'. 'பூத்தா' என்பதற்குக் குருடு என்று பொருள். தமிழில் அதுவே தில்லை. சிதம்பரத்திற்குப் பழம்பெயர் தந்த மரம். தேவார வகுப்பில் தில்லை என்னும் சொல்லைக் கற்ற மாணவன் அம்மரத்தைக் கண்டதில்லை. அதனருகே நின்று ஆங்கிலத்தில் விளக்கும் மாணவனோ அச்சொல்லை அறியான். இருவரும் ஒருவராகவே இருத்தலும் கூடும்!

ஆசிரியப் பெருமக்களே, அங்குத் தொண்டாற்றும் மாணவர் ஒருநாள் தம் பாட்டியை அழைத்துச் சென்று தமிழிலேயே வழிகாட்டட்டும். கண்டல், தில்லை, உள்ளான் என்னும் சொற்களை அதற்கு முன்னரே வகுப்பில் கொடுத்துவிடுங்கள். பாட்டி கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்வது பேரரின் பொறுப்பு.