கல்லூரி மாற விழையும் இசை மாணவர்க்கு



இழவு வீட்டில் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர் நம் முன்னோர். எனவே இசை கற்க நம் பிள்ளை கிளம்பினால் வீட்டார் தயங்குவது இயல்பே. ஆயினும் ஊர் சுமத்திய தொண்டு வேறு; நாமே விரும்பிப் பெறும் பட்டம் வேறு. சென்னையில் 1949-இலும், திருவையாற்றில் 1965-இலும் தொடங்கப்பெற்ற அரசு இசைக் கல்லூரிகள் நமக்கும் உரியனவே.

அத்தகைய கல்லூரியில் சேர்ந்த பிள்ளை வேறிடம் மாற விரும்பினால், 'ஓடி வந்தவன்' என ஏசற்க. இசை, ஆசிரியர் எதிரில் அமர்ந்து பெறும் கல்வி. அவர் பொருந்தாவிடில் குரலும் விரலும் வளரா.

எனினும் மாறுமுன் மூன்றினை ஆராய்தல் வேண்டும். முதலாவது, புதிய ஆசிரியரின் பாணி. அவர்முன் பாடியோ வாசித்தோ காட்டி அறிக. இரண்டாவது, முடித்த பருவங்கள் ஏற்கப்படுமா என்பது. பாடத்திட்டம் மாறுபடின் ஓராண்டு வீணாகலாம், ஆகவே எழுத்தில் விடை பெறுக. மூன்றாவது, ஆதிதிராவிட மாணவர்க்குரிய உதவித்தொகை. அது தொடர வழி கேட்டறிக.

புதிய இடம் உறுதியாகுமுன் மாற்றுச் சான்றிதழ் வாங்கலாகாது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்தல் கூடாதெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது.

சாதி இழிவே காரணமாயின், முதலில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குண்டு. இழிவுக்கு அஞ்சி வெளியேறுதல் வேறு. கலை வளர இடம் மாறுதல் வேறு. பின்னதற்குத் துணை நிற்பது நம் கடமை.