வேடம் கலைத்தல்



ஆண்டுவிழா நாடகத்திற்கு முன் ஒப்பனைப் பெட்டியை எட்டிப் பார்க்காத மாணவர் இரார். வண்ணக் குழம்புகள், முகப்பொடி, மைக்கோல், ஒட்டுமீசை, பசைப்புட்டி எல்லாம் அதில் இருக்கும். பூசியதை அழிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களானால், பெரும்பாலும் ஒரு பழந்துணிதான் அகப்படும். அந்தக் குறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1989-ஆம் ஆண்டு, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். நாடகப் பொறுப்பு என்னுடையது. கட்டபொம்மன் நாடகம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டபொம்மனாக நடித்தான். பக்கத்து நகரத்திலிருந்து வந்த ஒப்பனைக்காரர் முகமெல்லாம் எண்ணெய்ச் சாயம் பூசி, மீசையை ஒட்டிவிட்டு, கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டார். நாடகம் முடிய இரவு பதினோரு மணி. பையன் வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தான், சாயம் போகவில்லை. அடுப்பங்கரையில் இருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்தான். மீசையைப் பிடித்து இழுத்தான். மறுநாள் கன்னங்கள் சிவந்து, கண்ணிமை வீங்கி, மேலுதட்டில் தோல் உரிந்து கிடந்தது. மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. பார்க்கப் போன என்னிடம் அவன் தாய் கடிந்து பேசவில்லை. “பூசிவிட ஆள் வைத்தீர்களே ஐயா, துடைத்துவிட ஆள் வைக்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை இல்லை. நாடகச் செலவில் சாயத்திற்குப் பணம் ஒதுக்கியவன் நான். துடைப்பதற்கு ஓர் அணாக்கூட ஒதுக்காதவனும் நானே.

அதன் பின்னரே இதனைக் கற்கத் தொடங்கினேன். அடிப்படை மிக எளிது. உங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு பொருளைக் கரைப்பது அதன் இனத்தைச் சேர்ந்த பொருளே. எண்ணெய்ச் சாயத்தை எண்ணெய் கரைக்கும். தண்ணீர் அதனை அணுகவும் மாட்டாது. 1873-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் லுட்விக் லைக்னர் என்னும் இசைநாடகப் பாடகர் கொழுப்பில் குழைத்த வண்ணக் குச்சிகளை விற்கத் தொடங்கினார். மேடை வெக்கையிலும் வியர்வையிலும் கலையாதிருப்பதே அவற்றின் சிறப்பு. வியர்வைக்குக் கலையாதது வெறுந் தண்ணீருக்கு மட்டும் எப்படிக் கலையும்? நம் கூத்துக் கலைஞர்கள் முத்துவெள்ளையையும் பிற பொடிகளையும் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். அதே தேங்காயெண்ணெயைத் தடவித் துடைத்தார்கள். வேதியியல் படியாமலே அறிந்த வேதியியல் அது.

அப்படியானால் பெட்டியில் தேங்காயெண்ணெய் ஒன்றே போதாதா என்பீர்கள். பெரும்பாலும் போதும். ஆனால் அது ஏறக்குறைய 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைந்துவிடும். ஆண்டுவிழாக்கள் நடக்கும் தை மாதத்து இரவில் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. வெந்நீரில் நிறுத்தி வைக்கவேண்டும். முகப்பரு உள்ள இளைஞருக்கு அது மயிர்த்துளைகளை அடைத்துப் பருவை மிகுவிக்கவும் கூடும். அத்தகையோருக்கு நன்கு தூய்மை செய்த திரவப் பாரபின் நல்லது. குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய்களில் பல இதுவே. இதுவும் மண்ணெண்ணெயும் பெட்ரோலியத்தின் பிள்ளைகளே. ஆயினும் ஒன்று தோலுக்கு இதம், மற்றொன்று தோலின் இயற்கை நெய்ப்பசையைப் பறித்துப் புண்ணாக்குவது. விளக்கருகே அதனால் நேரக்கூடிய வேறு ஆபத்தையும் சொல்லவேண்டியதில்லை.

கோல்டு கிரீம் எனப்படும் களிம்பு மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் காலெனின் பெயரோடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. தேன்மெழுகு, எண்ணெய், நீர் மூன்றும் கலந்தது. நீர் ஆவியாகும்பொழுது குளிர்வதால் அப்பெயர். வழிந்தோடாமல் முகத்தில் நிற்பதால் புருவத்திற்கும் தாடைக்கும் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து. நீர் தொட்டுப் பூசும் பான்கேக்குக்கோ இவ்வளவு பாடு வேண்டாம். மென்மையான சோப்பே போதும். இக்காலத்தில் மைசெல்லர் நீர் என்று ஒன்று விற்கிறார்கள். சோப்பைப் போன்ற பொருள் சிறிதளவு நீரில் கலந்து, நுண்ணிய திரள்களாக நின்று அழுக்கைக் கவர்கிறது. அன்றாட மெல்லிய ஒப்பனைக்கு அது நன்று. கனத்த மேடைச் சாயத்திற்கு மூட்டை மூட்டையாகப் பஞ்சு கேட்கும்.

மீசைப் பசையின் கதை வேறு. அது சாராயத்தில் கரைத்த பிசின். ஆகவே எண்ணெயைவிடச் சாராயமே அதனை விரைவில் இளக்கும். ஆனால் எரிச்சல் தரும், கண்ணருகே ஆகாது, தீப்பற்றும். ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட் என்னும் எண்ணெய்ப் பொருளால் ஆன நீக்கி மெதுவாக வேலை செய்தாலும் தோலை வருத்தாது. தூரிகையால் மீசையின் ஓரத்தில் தொட்டுத் தொட்டு ஊறவிடவேண்டும், இழுக்கலாகாது.

தொழில்முறை ஒப்பனைக்காரர் ஒரே இரவில் பல முகங்களைத் தொடுபவர். ஆதலால் களிம்புச் சிமிழில் விரலை விடாமல் சிறு கரண்டியால் எடுப்பார். ஒருவரைத் துடைத்த பஞ்சு மற்றொருவர் முகத்தில் படாது. புதிய நீக்கி எதுவானாலும் முதல் நாளே நடிகரின் முன்கையில் சிறிது தடவிப் பார்த்துக்கொள்வார். மணம் மிகுந்த நீக்கிகளை நான் வாங்குவதில்லை. மணப்பொருள் சிலர் தோலுக்கு ஒவ்வாது.

அடுத்த ஆண்டு நாடகச் செலவுப் பட்டியலில் முதல் வரியாக எண்ணெய், களிம்பு, பஞ்சு, பசைநீக்கி என்று எழுதினேன். சாயம் அதற்குக் கீழே வந்தது. கணக்குத் தணிக்கைக்கு வந்தவர், “நாடகத்திற்குத் தேங்காயெண்ணெய் எதற்கு?” என்று வினவினார். நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார். அந்த ஆண்டும் மீசை வைத்து நடித்தவன் அதே மாணவன்தான். நாடகம் முடிந்ததும் அவனை நாற்காலியில் இருத்தி நானே மீசையைக் கழற்றினேன். கால் மணி நேரம் பிடித்தது.