மேல்முறையீடு செய்ய முடியாத பிள்ளை



2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்தது. சிறாரின் பாலியல் காணொளிகளை அலைபேசியில் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. யாருக்கும் அனுப்பவில்லை, தனிமையில் பார்த்ததோடு சரி, அது குற்றமாகாது என்றது தீர்ப்பு. குழந்தைகள் நல அமைப்புகள் மேல்முறையீட்டுக்குப் போயின. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால், பகிரும் எண்ணத்தை அதிலிருந்தே ஊகிக்கலாம் என்றது. இவற்றை ‘ஆபாசப் படம்’ என்றே இனி நீதிமன்றங்கள் எழுதக் கூடாது, இவை குழந்தையை வதைத்துச் சுரண்டியதன் பதிவு என்றும் சொன்னது.

தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு, இருக்கவும் வேண்டும். படத்திலுள்ள பிள்ளை எங்கே போய் முறையிடும்? யாரோ பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு அதே கொடுமைதான். சிறியோரை இடறச் செய்பவரைக் குறித்து ஆண்டவர் பேசியபோது எந்திரக் கல்லையும் ஆழ்கடலையும் சொன்னார் (மத் 18).

குருக்களும் துறவியரும் இத்தகைய படங்களை வைத்திருப்பது குற்றம் என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தில் எழுத வேண்டிவந்தது. எங்களுக்கு அது வெட்கம்தான். ஒப்புரவு அருளடையாளத்தில் கடவுள் மன்னிக்கிறார். அதற்காக நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிட முடியாது.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்படியொரு படம் வந்தால், “அநியாயத்தைப் பாருங்கள்” என்று கோபத்தில்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது 1098-ஐ அழையுங்கள்.