நடந்து காண வேண்டிய மலை



மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு வானம் என்பது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரியும் ஒரு கீற்றுதான். விரிந்த வானத்தைக் காண ஊட்டிக்கோ கோடைக்கானலுக்கோ போக வேண்டும் என்று நம்மவர் ஏங்குவதுண்டு. அதற்கு விடுமுறை வேண்டும்; ரயிலில் இடமும் கிடைக்க வேண்டும். ஆனால், கர்ஜத் செல்லும் லோக்கல் வண்டியில் ஏறி நேரலில் இறங்கினால், அங்கிருந்தே ஒரு மலையூருக்கு வழி தொடங்குகிறது. அதுதான் மாத்தேரான்.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அமைந்த காட்டு மேட்டுநிலம் அது. தாணே மாவட்டக் கலெக்டராயிருந்த ஹியூ மாலட் 1850-இல் அதில் ஏறிப் பார்த்தார். பின்னர் அங்கே ஊர் எழுந்தது. ஆதம்ஜீ பீர்பாய் குடும்பத்தாரின் முயற்சியால் 1907-இல் சிறிய ரயிலும் வந்தது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டே அடி. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் பாதை. 2019-ஆம் ஆண்டு மழையில் சிதைந்த அப்பாதை, 2022 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே நாம் குடும்பத்தோடு புறப்பட்டோம்.

மோட்டார் கார்கள் தஸ்தூரி என்னும் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. அதற்குமேல் செம்மண் பாதை, இருபுறமும் மரநிழல். லூயிசா முனையில் நின்றால் எதிரே பிரபல்கட் கோட்டை மலை. கீழே ஆழ்ந்த பள்ளத்தாக்கு. மழைக்காலம் முழுவதும் மேகத்தால் மூடுண்டு கிடக்கும் அம்மலை, அது கழிந்ததும் கழுவித் துடைத்தாற்போல் விளங்குகிறது. இரவில் மேற்கே மும்பையின் ஒளி மங்கலாகத் தெரிந்தது. கிழக்கே கார்த்திகை மீன் கூட்டம் எழுந்தது. கார்த்திகைக்குத் தவறாமல் விளக்கேற்றும் நம் பிள்ளைகள், அந்த மீன்களை அன்றுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தார்கள்.

ஆயினும், அவ்வூரில் நம் மனத்தை வாட்டிய காட்சி ஒன்றும் உண்டு. மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்ஷா! முன்னே ஒருவர் இழுக்க, பின்னே மற்றவர் தள்ள, மேட்டுப் பாதையில் அது ஏறிற்று. எழுபது வயதைக் கடந்த நம் அன்னையாரால் நெடுந்தூரம் நடக்க இயலாது. ஏறினால் மனிதன்மேல் சவாரி. ஏறாவிட்டால் அவன் அன்றாடக் கூலிக்குக் கேடு. இவ்விரண்டில் எது அறம்? "அவனும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!" என்று சொல்லி, அன்னையார் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தே வந்தார். அவர் மனம் அமைதியுற்றது; ஆனால் ரிக்ஷாக்காரரின் வயிறு நிறையவில்லை.

அந்த வினாவுக்கு விடை தனி மனிதரிடம் இல்லை. இழுத்தவர்களே மின்சார ரிக்ஷா வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டு வந்தனர். தம் பிழைப்புப் போய்விடுமே என்று குதிரைக்காரர் அஞ்சினர். 2022 டிசம்பரில் சில மின்சார ரிக்ஷாக்கள் சோதனைக்காக விடப்பட்டன. 2025 ஆகஸ்டு 6-ஆம் நாள், கை ரிக்ஷாவை ஆறு மாதங்களுக்குள் ஒழிக்க வேண்டுமென்றும், இழுத்தவர்களுக்கு மறுவாழ்வு அளிக்க வேண்டுமென்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழிவை நீக்குவது பாதி அறம்; பிழைப்பைக் காப்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துச் சொன்னதே அவ்வாணையின் சிறப்பு.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பதனிட்டும் மூட்டை சுமந்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். உடலுழைப்பின் அருமையை நமக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, மழை ஓய்ந்ததும் மாத்தேரானுக்குச் சென்று வாருங்கள். இயன்றவர் நடந்து காணுங்கள். நம் பெட்டியைத் தலையில் சுமந்து வரும் பெண்ணிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அந்த வானம் நம் பிள்ளைகளுக்கும் தெளிவாயிருக்கட்டும்; அதன்கீழ் உழைப்பவர் வாழ்வும் தெளிவுறட்டும்.