சோறு குறைந்தால் சோர்வு யாருக்கு?

(பொம்மசந்திராவில் ஆற்றிய உரையிலிருந்து)

இத்தொழிற்பேட்டையில் சுமை தூக்குபவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே அளவுச் சோறு பொருந்துமா? 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே கிடைக்கின்றது. இது மிகுதியே. ஆயினும் அதைக் குறைப்பதன் விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

கடும் உழைப்பின்போது தசைகள் தம்மிடம் சேமித்துள்ள சர்க்கரையையே பெரிதும் எரிக்கின்றன. சோற்றைத் திடீரெனக் கைவிடும் உழைப்பாளி விரைவில் தளர்வார். அமர்ந்து பணிபுரிபவருக்கோ, சோற்றில் ஒரு பகுதிக்கு ஈடாகப் பருப்பும் சுண்டலும் சேர்ந்தால் பசி தாமதமாகவே எழும். இவ்வட்டாரத்தின் கேழ்வரகுக் களியும் மாவுச்சத்தே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்! 100 கிராம் கேழ்வரகில் அது ஏறத்தாழ 67 கிராம் உண்டு. ஆனால் நார்ச்சத்தும் 11 கிராம் இருப்பதால் வயிறு நிறைந்து நிற்கும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைக் குறைக்கலாகாது. மருந்தளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.